ஏழு பீப்பாயும் இர்மாவின் மூக்கும்

இர்மா ரைஸ்விக் ஒயின்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு நாற்பது வருஷமாகியும் ஒரு சொட்டு ஒயின் அவள் நாக்கில் பட்டதில்லை. திராட்சை விளையும் எங்கள் லோடை ஊரில் இது பெரிய அதிசயமில்லை. அவள் பிறந்த வீட்டார் ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன்காரர்கள், அதிலும் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள். திராட்சை போடலாம், பறிக்கலாம், லாரி லாரியாக விற்கலாம். அதே சாறு புளித்துவிட்டால் மட்டும் பாவம்! இந்தக் கணக்கைக் கேள்வி கேட்டவர்களைச் சபையில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பதினாறு வயதில் சபை முன்னால் நின்று, குடிக்க மாட்டேன் என்று கைதூக்கிச் சத்தியம் செய்தவள் இர்மா. ஒயினைப் பாவமாக நினைக்காத லூத்தரன் சபை வீட்டு எல்டனைக் கட்டிக்கொண்டபோதும், "நீ குடி, நான் கேக்க மாட்டேன். என் வாயில மட்டும் ஊத்தாத" என்று சொல்லிவிட்டுத்தான் கட்டிக்கொண்டாள்.

எல்டனுக்கு மூக்கு போய்விட்டது என்பது பால் பொங்கி அடுப்பில் கருகிய அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான் மனுஷன். வீடெல்லாம் புகை, இவன் நிமிரவே இல்லை.

"ஏய், மூக்கு இருக்கா உனக்கு?" என்று கத்தினாள்.

"இல்லம்மா" என்றான் எல்டன். அவன் சிரிக்கவில்லை. "ஜனவரியில காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. வரும் வரும்னு பாத்தேன். வரல."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"வந்தாலும் வருமாம், வராட்டாலும் இல்லையாம். அதுக்கு அவருக்கு ஃபீஸ் வேற."

"எனக்குக் கூடச் சொல்லல பாரு!"

"உனக்குச் சொன்னா அது நிஜமாயிடும்" என்றான்.

எல்டனின் பிழைப்பே மூக்குதான். ஆற்றோரம் மணல் நிலத்தில் நூறு வயசு தாண்டிய ஜின்ஃபண்டெல் என்ற கறுப்புத் திராட்சைக் கொடிகள் அவனுக்கு ஒரு வயல் உண்டு. கொடி என்று பேர்தானே ஒழிய, கம்பி கிடையாது, பந்தல் கிடையாது, இடுப்பளவு முண்டுக்கட்டைகள். ஒரே குலையில் ஒரு பழம் வற்றிக் கிடக்கும், இன்னொன்று பச்சையாக நிற்கும். இடையிடையே வேறு ஜாதிக் கொடிகளையும் பெரியவர்கள் கலந்து நட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே வயல், ஒரே நாள் பறிப்பு, ஆனாலும் பீப்பாய்க்குப் பீப்பாய் ஒயின் வேறு வேறாக நிற்கும். எது நல்லது, எது சுமார் என்று மோந்து பார்த்துப் பிரிக்க வேண்டும். பீப்பாயின் நெற்றியில் சாக்பீஸால் வட்டம் போட்டால் அது பழங்கொடி என்ற பேரோடு பாட்டிலில் போகும். பெருக்கல் குறி போட்டால் சில்லறை ஒயினோடு கலந்துவிடும். பழங்கொடி என்று லேபிளில் போட இத்தனை வயசாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருபது வயசுக் கொடியைக் கூடக் கிழவி என்று விற்கிற மகராசன்கள் இருக்கிறார்கள். அதனால்தான் விற்கிறவன் வார்த்தைக்கு இங்கே மதிப்பு.

யோலாண்டா ப்ரூயிட் அந்த வார்த்தையை நம்பித்தான் வாங்குவாள். ஓக்லாண்டில் ஒயின் கடை வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வசந்தத்திலும் வந்து பீப்பாயிலேயே ருசி பார்த்து, வட்டம் போட்டதை மொத்தமாக எடுத்துக்கொள்வாள். முதலில் எல்டன் மோந்து சொல்வான். பிறகுதான் அவள் கோப்பையைத் தொடுவாள். முதல் வார்த்தை ஒயின் கொட்டகைக்காரனுடையது, அதுதான் முறை. இத்தனை வருஷத்தில் அவள் அதை மறுத்ததில்லை. இந்த வருஷம் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"சொல்லிடேன் அவகிட்ட" என்றாள் இர்மா.

"என்னன்னு சொல்றது? கண்ணு தெரியாதவன் ஓட்டுற பஸ், ஏறிக்கோன்னா?" என்றான் எல்டன். "நம்மள மாதிரி ஒயின்காரன் ஹார்லன் பெண்டருக்கு மூக்கு போனப்ப காபிக் கடையில நான் என்ன சொன்னேன் தெரியுமா? பீப்பாயை வித்துட்டுத் தூண்டில் வாங்கிக்கடான்னேன். அத்தனை பேரும் சிரிச்சாங்க. இப்ப என் முறை. யோலாண்டா போயிட்டா பேச்சு ஊரெல்லாம் பரவும். அப்புறம் ஒருத்தனும் இந்தக் கொட்டகைக்குள்ள கால் வைக்க மாட்டான்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோந்து பாக்குறதுக்குச் சத்தியத்துல தடை இல்ல" என்றாள் இர்மா கடைசியில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் கொட்டகையில் நின்றார்கள். எல்டன் நீளக் கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு ஒயினை உறிஞ்சி எடுத்தான். அந்தக் குழாய்க்கு எங்கள் ஊரில் திருடன் என்று பேர். பழைய ஜாம் பாட்டில்களில் ஊற்றி வரிசையாக அவளிடம் நீட்டினான். அவள் முகர்ந்து முகர்ந்து சொன்னாள்.

"பிளம் பழத்தைச் சர்க்கரை போட்டு வேகவிட்டு, லேசா அடிபிடிச்ச மாதிரி."

"நல்லது. ரொம்ப நல்லது. அடுத்தது?"

"இதுல மிளகு இருக்கு. கறுப்பு பெர்ரியை முள்ளோட பிடுங்குனா வருமே, அந்த வாசனை."

எல்டன் கையை மடக்கித் தொடையில் குத்திக்கொண்டான். "அடி சக்கை! இத்தனை வருஷம் இந்த மூக்கை எங்கம்மா வெச்சிருந்தே?"

"உன் சாக்ஸை மோந்துகிட்டு இருந்துச்சு" என்றாள் இர்மா.

ஐந்தாவது பாட்டிலை முகர்ந்ததும் முகத்தைச் சுளித்தாள். "நகப்பூச்சு." எல்டன் அந்தப் பீப்பாயில் பெருக்கல் குறி போட்டான். ஏழும் முடிந்ததும் அவள் சொன்னதையெல்லாம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி மனப்பாடம் செய்தான். எந்தப் பீப்பாய்க்கு எந்தச் சொல் என்று அவள் கேட்டாள், அவன் ஒப்பித்தான். நடுவில் ஒருமுறை தடுமாறிவிட்டு, அவமானத்தில் காது சிவக்கத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னான்.

இவ்வளவும் செய்தவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வருகிறவள் பெரிய வியாபாரி, கொட்டகையில் தூசி படிந்த கோப்பைகள். அத்தனையையும் சமையலறைக்கு அள்ளிக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்குத் துவைத்த துண்டால் பளபளவென்று துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கோப்பை பக்கம் போகாதவள். கோப்பை எல்டனின் வேலை, வெறும் தண்ணீரில் அலசிக் காற்றில் காய வைப்பான். அது ஏன் என்று அவள் கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை.

சனிக்கிழமை யோலாண்டா வந்தாள். ஐம்பது வயசு, கட்டைக்குரல், வாய் ஓயாது. "என்ன இர்மா, எங்களைத் திருத்த வந்துட்டீங்களா? எப்பவும் இந்தப் பக்கமே வர மாட்டீங்களே!"

"கோப்பை எடுத்துக் குடுக்க வந்தேன்" என்றாள் இர்மா.

எல்டன் முதல் பீப்பாயைத் திறந்து திருடனை இறக்கினான். இரண்டு கோப்பையில் ஊற்றினான். தன் கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி ஆழமாக இழுத்தான். பழைய எல்டனே எழுந்து வந்தது போல இருந்தது.

"பிளம்" என்றான். "அடுப்புல வத்துன பிளம். கடைசியில கொஞ்சம் கருகல்."

யோலாண்டா தன் கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள்.

"எல்டன், இன்னொரு தடவை மோந்து பாருங்க."

அவன் பார்த்தான். "ஆமா, பிளம்தான். கொஞ்ச நேரம் போனா மிளகு வரும்."

"விளையாடுறீங்களா?" அவள் குரல் மாறிவிட்டது. "என் சட்டையில சென்ட் வாசம்னு போன வருஷம் வாசல்லயே நிறுத்தி ஜாக்கெட்டைக் கழட்ட வெச்ச மனுஷன் நீங்க. இந்தக் கோப்பையில லாவண்டர் குடலைப் புரட்டுது! துணி துவைக்கிற லாவண்டர்! உங்களுக்குத் தெரியல?"

எல்டன் மறுபடியும் கோப்பைக்குள் மூக்கை விட்டான்.

இர்மா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. தன் வீட்டு வாடை தனக்கு எப்படித் தெரியும்? மாதக்கணக்கில் அதே லாவண்டர் சோப்புத் திரவத்தில்தான் துவைக்கிறாள், அவள் சட்டையிலும் அதுதான், தலையணையிலும் அதுதான். மறுபடியும் அழுத்தி முகர்ந்தபோது மெல்ல வந்தது. அடிப்பாவி, நான்தானா காட்டிக்கொடுத்தேன் என்று துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"அவருக்கு ஜலதோஷம்" என்றாள் அவசரமாக.

"ஜலதோஷம் இல்ல" என்றான் எல்டன். கோப்பையைப் பீப்பாய் மேல் வைத்தான். "விடும்மா. முழுப் பூசணிக்காயை எவ்வளவு நேரம் சோத்துல மறைப்பே? யோலாண்டா, ஜனவரியிலேர்ந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியல. ருசியும் இல்ல. புளிப்பு, கசப்பு, அவ்வளவுதான்."

"அப்ப போன வாரம் போன்ல, இந்த வருஷம் மாதிரி வந்ததே இல்லன்னீங்களே?"

"புளுகு."

"இந்த வட்டமெல்லாம் யார் போட்டது?"

"நான் சொன்னேன், அவர் போட்டார்" என்றாள் இர்மா.

யோலாண்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு. பிறகு கோபம் வந்தது. "நீங்களா? சர்ச்சுல கூட ஒயினுக்குப் பதிலா திராட்சை ஜூஸ் குடிக்கிற நீங்களா? என் கடைக்கு வர்றவங்க என் பேச்சை நம்பி வாங்குறாங்க எல்டன். நான் உங்க பேச்சை நம்பி வாங்குறேன். மூக்கு போனது உங்க தப்பில்ல. ஆனா என்னைப் பாத்துப் பொய் சொன்னீங்க பாருங்க, அது தப்பு."

"தப்புதான்" என்றான் எல்டன்.

அவள் கார்ச் சாவியை எடுத்தாள். போய்விடுவாள் என்றுதான் இர்மா நினைத்தாள். எல்டனும் அப்படித்தான் நினைத்திருப்பான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். யோலாண்டா வாசல் வரை போனாள். வாசலுக்கு வெளியே அந்த முண்டுக்கட்டைகளில் புதுத் துளிர் விட்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"தண்ணிக் குழாய் எங்க இருக்கு?" என்றாள்.

கோப்பையை மூன்று நான்கு முறை அலசினாள். திருடனை எல்டன் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டாள். ஏழு பீப்பாயிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்து, வாயில் உருட்டி, தரையில் இருந்த சாக்கடைக் குழியில் துப்பினாள். அவளுடைய முகத்தில் எதுவும் எழுதி ஒட்டவில்லை, என்ன முறைத்துப் பார்த்தும் இர்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறாவது பீப்பாயின் வட்டத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டுப் பெருக்கல் குறி போட்டாள். ஐந்தாவதின் பெருக்கல் குறி அப்படியே நின்றது. மற்ற வட்டங்களையும் தொடவில்லை.

"அந்த ஆறாவது சப்பை. வாசனை இருக்கு, உடம்பு இல்ல. வாயில விட்டாத்தான் தெரியும், மோந்தாத் தெரியாது. மிச்ச வட்டமெல்லாம் நான் எடுத்துக்கிறேன்" என்றாள். "ஆனா இனிமே முதல் வார்த்தை என்னுது எல்டன். நீங்க ஊத்துங்க, நான் சொல்றேன்."

"சரி" என்றான் எல்டன். வியாபாரம் முடிந்தது, கொட்டகை தப்பித்தது. ஆனால் நாற்பது வருஷமாகச் சம்பாதித்த ஒன்றை ஒரே ஒரு 'சரி'யில் கைவிட்டுவிட்டான் என்று இர்மாவுக்குத் தெரிந்தது.

யோலாண்டா கோபம் தணிந்து அவன் தோளில் தட்டினாள். "ரெண்டாவது பீப்பாய் அபாரம். நெசமாவே இந்த மாதிரி வந்ததில்ல."

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் எல்டன். பசித்தவன் கேட்கிற மாதிரி கேட்டான். "பறிச்சது நான், மிதிச்சது நான். எப்படி இருக்குன்னு மட்டும் எனக்குத் தெரியாது."

"கட்டுமானம் நல்லா இருக்கு, முடிவு நீளமா..." என்று ஆரம்பித்தாள் யோலாண்டா.

"அது கடைப் பேச்சு" என்றான். "அது எனக்கு வேண்டாம்." பிறகு மனைவி பக்கம் பார்த்தான். பார்த்ததோடு சரி, கேட்கவில்லை. கேட்கவே மாட்டான், அது அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் அவள் போட்ட நிபந்தனையை ஒரு நாளும் மீறாதவன்.

இர்மா யோலாண்டாவின் கையிலிருந்து அலசிய கோப்பையை வாங்கினாள். அதை நீட்டி, இரண்டாவது பீப்பாயின் ஒயினைப் பாதி ஊற்றச் சொன்னாள்.

"துப்பிக்கலாம் இர்மா" என்றாள் யோலாண்டா மெதுவாக. "துப்புனா கணக்குல வராது."

"துப்புனா எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்து விழுங்கினாள்.

இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"நாக்கு காஞ்சு போகுது" என்றாள். "முதல்ல கசப்பு. இதுக்கா ஜனங்க இவ்வளவு காசு குடுக்குறாங்கன்னு இருக்கு. இரு, இரு. இப்ப மாறுது. தொண்டையில சூடா இறங்குது. கறுப்பு பெர்ரி, ஆனா வெயில்ல கிடந்த பெர்ரி. பழம் போனதுக்கு அப்புறம் மிளகு மட்டும் தனியா நிக்குது. எல்டன், இது இன்னும் போகலடா, விழுங்கியும் வாயிலயே இருக்கு!"

எல்டன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"இப்பவும் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"போனதும் சொல்லு."

அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான்.