மௌனிகா எழுதிய வீடு

ஜிபி டீச்சர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அரைநாள் தேயிலைக் கொழுந்துக் கூலி போச்சே என்ற ஆத்திரத்தில் வந்தவளுக்கு நாற்காலி ஒரு கேடா? கோட்டயம் பக்கமிருந்து இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர், அதற்குள் என் மகள் மௌனிகாவுக்கு எழுத வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒன்பதாம் வகுப்பு தேற மாட்டாளாம். தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிடலாமாம். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

போடுவேனா? நான் தமிழில் பத்தாவது வரை படித்தவள்தான். படித்து என்னத்தைக் கிழித்தேன்? மூணாற்றில் எந்த ஆபீசுக்குப் போனாலும், மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்று தாளைத் திருப்பித் தள்ளினார்கள். முத்து முத்தாக எழுதத் தெரிந்த நான், வாசலில் எவனையாவது கெஞ்சிக்கொண்டு நின்றேன். இவளுக்கு அந்தக் கதி வரக் கூடாதென்றுதான் ஒன்றாம் வகுப்பிலேயே மலையாளத்தில் சேர்த்தேன். வீட்டில் தமிழ் எழுத்தே கூடாது என்றேன். காலண்டரைக்கூட கதவுக்குப் பின்னால்தான் மாட்டினேன். இதில் என்ன தப்பு?

"அவளுக்குத் தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாது டீச்சர். அங்க போயி ஆனா ஆவன்னாவுல ஆரம்பிக்கவா?"

டீச்சர் பரீட்சைத் தாளை எடுத்து விரித்தார். 'என் வீடு' என்று கட்டுரை. வழக்கமாகக் கைடில் உள்ள மூன்று வரியை எழுதி வைப்பாளாம்: வீடு அழகானது, சுற்றிலும் பூந்தோட்டம். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறைக்கு ஏது பூந்தோட்டம்? இந்தத் தடவை இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

"எழுத்து மலையாளம். பாஷை மலையாளம் அல்ல," என்றார் டீச்சர். "எனிக்கு முழுவன் மனசிலாகுன்னில்ல. மார்க்கு எங்ஙனெ இடும்?" முழுசாகப் புரியவில்லையாம், மார்க் எப்படிப் போடுவதாம்.

சுவரோரம் நின்ற மௌனிகா என் பக்கம் திரும்பவேயில்லை. செய்வதையும் செய்துவிட்டுக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாசிங்க டீச்சர். என்னதான் கிறுக்கி வச்சிருக்கான்னு பாப்போம்."

டீச்சர் எழுத்துக்கூட்டி வாசித்தார். அந்த மலையாள நாக்கில் வந்தது அத்தனையும் எங்கள் லயத்துத் தமிழ்.

"எங்க வீட்டுல ஒத்த ரூம்புதான். அதுல எங்கம்மாவுக்கு மட்டும்தான் வாய் இருக்கு. அப்பாவும் நானும் சும்மா இருக்கணும். எங்க சண்டையெல்லாம் தமிழ்லதான். அத மலையாளத்துல எழுதுனா வேற யாரு வீடோ மாதிரி இருக்கு. தமிழ் எழுத்து சொல்லிக்குடுன்னு கேட்டதுக்கு அம்மா அகப்பையால அடிச்சுச்சு."

டீச்சர் நிமிர்ந்தார். "அகப்பை எந்தாணு?"

நான் முந்தானையை இழுத்துச் செருகினேன்.

"தவி," என்றாள் மௌனிகா. இப்போது என்னையே பார்த்தாள்.

டீச்சர் அந்தச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தவி என்று எழுதினார். எழுதியதும் முகம் மாறிவிட்டது. தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஞான் நிறுத்தட்டே?"

அடுத்த பக்கம் முழுக்க உருண்டை உருண்டையாக மலையாள எழுத்து. பெற்ற மகள் என்னைப் பற்றி எழுதியது. அதில் ஒன்றுகூட எனக்குப் படிக்கத் தெரியாது.

"வாசிங்க," என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.