மைத்துனன் கயிறு

"மச்சானுக்குக் கயிறு நான்தான் பிடிப்பேன். இந்த முனைய வேற யாரும் தொடக்கூடாது!" என்று சூசை வடத்தைப் பிடுங்கினான். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிய சின்னான் முகம் சுளிக்கவில்லை. "புடிச்சுக்குங்க சாமி. கால் சறுக்கீராம நில்லுங்க," என்று ஒதுங்கிக்கொண்டார்.

பெட்டிக்குள் கிடந்தவன் தொம்மை, சூசையின் அக்காள் பிரிசில்லாவைக் கட்டியவன். தூத்துக்குடியில் சங்கு குளித்தவன். குளிப்பவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். வேறு எவனானாலும் அசந்துவிடுவான். கூடப் பிறந்தவள் தாலி அறுவதை எவனாவது பார்த்துக்கொண்டிருப்பானா? அடியிலிருந்து கயிறு வெட்டி இழுத்தால் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தும் மனுஷனுக்கு மூச்சடக்கும் கிறுக்குப் போகவில்லை. கரண்ட் போகிற மதியங்களில், மண்ணரைப் பகுதியில் இருந்த வீட்டு வாசலில், டிரம் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கிக்கொண்டு கையை நீட்டுவான். "புடில மாப்ள. துடிப்பு எப்படி அடங்குதுன்னு பாரு." அடங்கத்தான் செய்யும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீண்டுகொண்டே போய், இனி வராது என்று சூசை அவனைத் தூக்கப் போகும்போது இன்னொன்று வரும். தொம்மை முகத்தைத் தூக்கிச் சிரிப்பான். "பயந்தாங்கொள்ளி! தண்ணிக்குள்ள நெஞ்சு சிக்கனமாத்தான்ல அடிக்கும்."

நேற்றும் சூசை அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று கரண்ட் வந்தது. பாதி தைத்து நின்ற பீஸ் நினைவு வர, கையை விட்டுவிட்டு வீட்டுக்குள் இருந்த தையல் மெஷினுக்கு ஓடினான், பாவி. திரும்பி வந்தபோதும் தொம்மையின் முகம் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. நீட்டிய கையும் அப்படியே நீண்டிருந்தது.

நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். பிரிசில்லா அழவில்லை. "கையப் புடிச்சிட்டுத்தானல இருந்த?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாக்கா."

பெட்டி இறங்கித் தரை தட்டியது. எதிரே மறுமுனையைப் பிடித்திருந்தவர் அதைக் குழிக்குள் போட்டுவிட்டார். சூசை உருவி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவன் உருவவில்லை.

"உருவுங்க சாமி, மண்ணுத் தள்ளோணும்."

"கொஞ்சம் பொறுங்க."

அப்போது கயிறு அவன் உள்ளங்கையை வெட்டி இழுத்தது. குனிந்து பார்த்தான். மறுமுனை குழிக்குள் சும்மா கிடந்தது.

"இழுக்குது," என்றான்.

"பொட்டி அசைஞ்சு உக்காந்திருக்குமுங்க," என்றார் சின்னான். ஆனாலும் மண்வெட்டியைத் தொடவில்லை.

குழிக்கு அக்கரையில் நின்ற பிரிசில்லா தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது விட்டுராதல," என்றாள்.

சூசை கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.