எடுத்துவிட்ட வார்த்தை

குற்றாலத்தில் சீசனுக்குக் குளிக்க வருகிறவர்கள் போதாதென்று இப்போது எழுதவும் ஆட்கள் வருகிறார்கள். ஐந்தருவிப் பக்கம் ஒரு பங்களாவைப் பிடித்து, 'உறைவிட முகாம்' என்று பெயர் வைத்து, புது எழுத்தாளர்களைத் தங்கவைத்துத் திருத்துகிறார்கள். திருத்துகிறவர் சென்னையிலிருந்து வந்த பதிப்பாசிரியர் முத்துகுமரன். அடுத்தவர் கதையைக் கிழிக்கும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

அவருடைய முறை இதுதான்: யாருடைய கதையைப் பேசுகிறார்களோ அவர் வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமாக, "இது நிஜமாவே நடந்தது சார்" என்று சொல்லவே கூடாது. அப்படிச் சொன்ன ஒருவரிடம், "அப்ப போலீஸ் ஸ்டேஷன்ல போய் எழுதிக் கொடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிச்செல்வியும்தான் சிரித்தாள்.

செல்வி தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். வீடு குத்துக்கல்வலசை. அவள் கொண்டுவந்த கதை தம்பி பாண்டியைப் பற்றியது. ஒருநாள் காலையில் பாண்டி, தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல் பைக்கை எடுத்தான். அம்மா ரெங்கம்மாளுக்குக் கோபம். "இட்லிய வச்சிட்டு எங்கன ஓடுத? போ சவமே, பட்டினி கெட" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள். இலஞ்சிக்குத் திரும்பும் விலக்கில், கேரளாவுக்கு எம்-சாண்ட் ஏற்றிப்போன லாரி அவன்மேல் ஏறிவிட்டது.

'சவமே' என்பது இந்தப் பக்கம் ஒரு வசவே இல்லை. பால் பொங்கினாலும் சவம், கரண்ட் போனாலும் சவம், பிள்ளை சோறு தின்னாவிட்டாலும் சவம்தான். ஆனால் வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் விடுமா? சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள், "கருநாக்குக்காரி, சொன்னது பலிச்சிட்டுல்லா" என்று ரெங்கம்மாள் காதில் விழும்படியே பேசிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் அவள் பேசுவதில்லை. செல்வி வேலைக்குப் புறப்படும்போது வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவாள்.

அம்மாவை அந்தப் பழியிலிருந்து மீட்கத்தான் செல்வி கதை எழுதினாள். முகாமுக்கு வருமுன் அம்மாவிடம் சொல்லவும் செய்தாள். "எம்மா, அந்த வார்த்தைய அப்படியே போட்டிருக்கேன். நம்ம ஊர்ல எல்லாத் தாயும் சொல்லுததுதான்னு எழுதியிருக்கேன்."

ரெங்கம்மாள் சுவரிலிருந்த பாண்டியின் படத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "போடு. நாலு பேரு கேக்கட்டும்" என்றாள்.

முகாமில் செல்வியின் முறை வந்தது. முத்துகுமரன் கதையைத் தூக்கிப் பிடித்தார்.

"அம்மா மகனைச் சவமேன்னு சொல்றா. அடுத்த பக்கத்துல அவன் சவமாயிடறான். வாசகன் என்ன கேனையனா? அதுக்கப்புறம் இந்தச் சொல்லுக்கு நியாயம் வேற. பெத்தவ எவளாவது பிள்ளையை அப்படிச் சொல்வாளா?" அவர், செல்வியைப் போலவே எழுத வந்திருந்த ஷெர்லின் பக்கம் திரும்பினார். "நீங்க இலஞ்சிதானே? இங்க சொல்வாங்களா?"

ஷெர்லின் செல்வியைப் பார்த்தாள், சாரையும் பார்த்தாள். "சொல்லுவாங்க சார். படிச்ச வீடுகள்ல சொல்ல மாட்டாங்க."

மறுபடி சிரிப்பு. செல்விக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. விதிப்படி விழுங்கிக்கொண்டாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அம்மாவை நடு அறையில் நிறுத்திவைத்துச் சிரிப்பது போல இருந்தது. அன்று சாயங்காலம் அதே ஷெர்லின் வராந்தாவில் நின்று மகனிடம் போனில், "ஏலே சவமே, ஹோம்வொர்க் முடிக்காம டிவி பாத்துட்டா இருக்க?" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். செல்வியைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

அங்கேயே செல்வி சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அவளுக்கும் எழுத்தாளராக வேண்டுமே! முகாம் கதைகளைப் புத்தகமாகப் போடும் தொகுப்பில் ஒரு கதைக்குத்தான் இடம் பாக்கி என்று முத்துகுமரன் சொல்லியிருந்தார். அறைக்குப் போய் வார்த்தையை எடுத்தாள். அதற்கு நியாயம் சொன்ன பத்தியையும் எடுத்தாள். அந்த இடத்தில், 'பாத்துப் போய்ட்டு வா ராசா' என்று எழுதினாள். படித்துவிட்டு முத்துகுமரன், "இதுக்குப் பேருதான் வளர்ச்சி" என்றார். செல்விக்கு மனசு குளிர்ந்துபோயிற்று, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிறைவு விழாவில் அந்தக் கதையைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். வார்த்தையை எடுத்ததை அம்மாவிடம் சொல்லச் செல்விக்கு வாய் வரவில்லை. ரெங்கம்மாள் பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு மினி பஸ்ஸில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அந்த இடம் வந்தபோது முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். செல்வி வாசித்தாள்: "பாத்துப் போய்ட்டு வா ராசா." பின்னாலிருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ரெங்கம்மாள் மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துகுமரன் மேடையிலிருந்து இறங்கிவந்து ரெங்கம்மாளைக் கும்பிட்டார். "உங்க பொண்ணு நல்லா வருவாங்கம்மா. ஒரே ஒரு அசிங்கமான வார்த்தைதான் இடிச்சுது. எடுத்ததும் கதை எங்கேயோ போயிடுச்சு."

ரெங்கம்மாளும் கும்பிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் சாரல் அடித்தது. செல்வி குடையை அம்மா பக்கம் சாய்த்தாள்.

"ஏட்டி, நான் அப்படிச் சொல்லலியே."

"கதைக்காக மாத்துனேம்மா. அந்த சார்தான்..."

"சாருக்கு என்னத் தெரியுமா, பாண்டியத் தெரியுமா? ஒனக்குத் தெரியும்லா." அவள் குரலில் கோபமே இல்லை. "ஊருக்காரங்க சொன்னப்பகூட, எம்மவ அப்படி நெனைக்கலன்னு இருந்தேன். நீயே மறைக்கணும்னு நெனச்சிருக்க. அப்ப அது கொன்ன வார்த்தைதான்."

"எம்மா, அப்படி இல்லம்மா, சத்தியமா..."

பஸ் வந்து நின்றது. ரெங்கம்மாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, செல்விக்கும் இடம் விட்டாள்.

"கதை நல்லாத்தான் இருந்துது. அதுல வாரவ நல்ல தாயி. அவ வயித்துல பொறந்திருந்தா எம்புள்ள உசுரோட இருந்திருப்பான்."