கடன் தீர்த்த சகுனம்

"லலிதா, உள்ளே போ! அவர் ஆபீசுக்கு எறங்கப் போறார்."

ஓர்ப்படி பார்வதியம்மாளின் குரல் கேட்டதும் லலிதாம்பாள் கையிலிருந்த பையோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மச்சினர் வேலைக்குப் புறப்படும்போது தாலி அறுத்தவள் எதிரே வரக் கூடாது. அவள் கணவன் சுப்ரமோணி போன நாளிலிருந்து ஸ்ரீவராகத்து அந்த வீட்டில் இதுதான் சட்டம். மச்சினர் தெருமுனை திரும்பும் வரை அவள் அலமாரியிலிருக்கும் உளுந்து டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பற்றிக்கொண்டு வரும். உளுந்து என்ன செய்யும், பாவம்!

சுப்ரமோணி ஒரு மாருதி வேனைக் கடனில் வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் இருந்தபோதே அவளும் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்துவிட்டாள். இன்சூரன்ஸ் பணம் கைக்கு வந்ததும், தவணை முடியும் வரை காத்திராமல் கடனை மொத்தமாக அடைத்து வண்டியைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள நினைத்தாள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அது நடக்காவிட்டால் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். அவளுக்கு ஆயுசு முழுக்க அந்தச் சமையலறைக் கதவுதான்.

கிழக்கேகோட்டையில் பைனான்ஸ் நடத்தும் நெல்லையப்பனுக்கோ கடன் சீக்கிரம் அடைவதில் இஷ்டமே இல்லை. வட்டி நின்றுவிடுமே! ரிஜிஸ்தர் தபாலுக்குப் பதில் கிடையாது. போன் செய்தால், முதலாளி டூர். நேரில் போனால், முதலாளி மீட்டிங். அந்த மீட்டிங்கிலிருந்து சுடச்சுடப் பழம்பொரிப் பலகார வாசனை வரும்.

அன்று அவள் கோபத்தோடு ஆபீஸ் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றாள். காரிலிருந்து இறங்கிய நெல்லையப்பன் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். பேயறைந்தவர் போல மறுபடி காரில் ஏறிப் போயே போய்விட்டார்.

கணக்கெழுதும் மலையாளப் பெண் ரெம்யா சங்கடத்தோடு சிரித்தாள். "சேச்சி, தப்பா ஒண்ணும் நினைக்கண்டா கேட்டோ. முதலாளிக்கு சகுனம்னா உயிராக்கும். விதவை எதிரே வந்தா அன்னிக்குப் பெட்டியே திறக்க மாட்டாரு."

லலிதாம்பாளுக்குச் சுருக்கென்றது. கண் நிறைந்துவிட்டது. அந்த நிறைந்த கண்ணோடே திடீரென்று சிரிப்பும் வந்தது.

"அப்படியா சங்கதி!"

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். அவர் பின்வாசல் பக்கம் வந்தால் அவளும் அங்கே இருந்தாள். வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார். அவள் இன்னும் நகரவில்லை.

"என்னம்மா இது, விடிஞ்சதும் வந்து நிக்கியளே! மத்தியானமா வரப்படாதா?"

"ஏன், காத்தால வந்தா என்னவாம்?"

நெல்லையப்பன் ஊரில் பெரிய மனுஷர், அதை எப்படி வாய்விட்டுச் சொல்வார்?

"இல்ல... உங்களுக்குத்தான் அலைச்சல்."

"எனக்கு ஒரு அலைச்சலும் இல்லை. வெள்ளிக்கிழமை கரமனையில புது ஆபீஸ் திறக்கறேளாமே? நீங்க கூப்பிடலைன்னாலும் வந்துடறேன். விளக்கேத்தறச்சே முன்னால நின்னுண்டு..."

"ஏ ரெம்யா!" நெல்லையப்பன் உள்ளே பார்த்துக் கத்தினார். "அந்த வேன் கணக்கை முடி! செக்கை வாங்கிக்கிட்டு, கடன் தீர்ந்துதுன்னு லெட்டரை இப்பமே கொடுத்து அனுப்பு!"

அவள் வீடு சேர்வதற்குள் செய்தி ஸ்ரீவராகத்துக்கு வந்துவிட்டது. என்ன அதிசயம், பார்வதியம்மாள் காபியோடு எதிரே வந்தாள். மச்சினர் சுவரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்; பேசியது பார்வதியம்மாள்தான்.

"லலிதா, இவரோட அரியர்ஸ் பேப்பர் மேலாபீஸ்ல ஒரு வருஷமாக் கிடக்கு. அந்த ஆபீசரும் சகுனம் ரொம்பப் பார்க்கறவராம். நாளைக்குக் காத்தால நீ போய்ச் செத்த நின்னுட்டு வாயேன்."

லலிதாம்பாள் காபியை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"அதுக்கென்ன மன்னி, போறேன். ஆனா என் வேன்லதான் போவேன். இவரும் கூட வரட்டும். வாசல்ல நான் முதல்ல இறங்குவேன், இவர் என் பின்னால வரணும்."

மறுநாள் காலை தெருவெல்லாம் எட்டிப் பார்க்க, அவள் வேனில் உட்கார்ந்து ஹாரன் அடித்தாள். இன்னொரு தடவை அடித்தாள். உள்ளே மச்சினர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் உளுந்து டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.