மல்லாந்து கிடந்த மொட்டையம்மா

கேக்கம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பதால் வந்த பெயர் அது. லாரி ஓட்டும் கணவனிடம் கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடுவது ஒரே பாட்டுதான். "என்னைக்காவது ஒரு நாள் உங்க சிலந்திய நான் கொல்லத்தான் போறேன், பாருங்க."

சிலந்தி என்றால் ஒட்டடையில் தொங்குகிற சமாச்சாரம் இல்லை. அவன் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிற, உடம்பெல்லாம் முடி முளைத்த, உள்ளங்கை அகல டரான்டுலா. கோபம் வந்தால் வயிற்று முடியைக் காலால் உதைத்துத் தள்ளித் தள்ளி வழுக்கை விழுந்துவிட்டதால் மொட்டையம்மா. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாக, கணவன் வெளியூர் போயிருந்த நேரம் அதற்குத் தீனி போடும் வேலை இவள் தலையில் விழுந்தது.

"ரொம்ப நாளா எதையும் தொடமாட்டேங்குது. ஒரு சுவர்க்கோழிப் பூச்சி விட்டுப் பாரு. அது வயித்த விடச் சின்னதா எடு. கைய உள்ள விடாத, இடுக்கியால விடு" என்று போனில் சொல்லியிருந்தான்.

அவளும் பூச்சி டப்பாவிலிருந்து ஒன்றை இடுக்கியால் பிடித்து, அரைக்கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விட்டு, படக்கென்று மூடினாள். பிறகுதான் பார்த்தாள். மொட்டையம்மா எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தாள்.

கேக்கம்மா போனை எடுத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கொல்வேன் கொல்வேன் என்று மாமியார், பக்கத்து வீடு, பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாளே. இனி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் எந்த மனுஷன் நம்புவான்? கட்டினவன் நம்புவானா?

"ஏங்க, மொட்டையம்மா செத்துப் போச்சுங்க. நான் ஒண்ணும் பண்ணலங்க."

லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "எப்படிக் கெடக்குது?"

"மல்லாக்க."

"அப்ப சாகல. செத்தா கால உள்ள சுருட்டிக்கும். இது தோல் உரிக்குது. அதான் சாப்பிடாம இருந்திருக்கு, எனக்குத்தான் புத்தி இல்ல. ஆமா, சுவர்க்கோழி?"

"உள்ள விட்டுட்டேனே."

"மொதல்ல அத வெளிய எடு. இப்ப இது உடம்பு, பல்லு எல்லாம் மெத்துன்னு இருக்கும். அந்தப் பூச்சியே இதக் கடிச்சுக் கொன்னுடும். பெட்டிய மட்டும் ஆட்டாத."

சுவர்க்கோழி மீசையை ஆட்டிக்கொண்டு மொட்டையம்மாவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் மூடியைத் திறந்து இடுக்கியை நீட்டினாள். பூச்சி துள்ளியது. விழுந்த இடம் மொட்டையம்மாவின் காலோரம். கேக்கின் மேல் கடுகளவு சர்க்கரை மணியை அசையாமல் வைக்கிற கைதான், ஆனால் மணி துள்ளாதே; இடுக்கியை இழுத்துக்கொண்டாள்.

டப்பாவைப் பார்த்தாள். அங்கே பூச்சிகள் எல்லாம் முட்டை அட்டையின் மடிப்புக்குள் முண்டியடித்துக்கொண்டு கிடந்தன. இவனுங்களுக்கு இருட்டுதான் வேண்டும் போல. அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து உதறி, இடுக்கியால் பிடித்து மெல்ல உள்ளே இறக்கினாள்.

"வாடா ராசா. உள்ள போடா."

ராசா யோசித்தான். மீசையால் தடவிப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று மடிப்புக்குள் நுழைந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அட்டையோடு தூக்கி, டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அப்பாடா. குதிக்க வேண்டும்போல் இருந்தது, தரை அதிருமே என்று அடக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கே நகர்ந்தாள்? பழைய தோல் பிளந்தது. கையுறையிலிருந்து விரலை உருவுவது போல ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. "இன்னொரு கால் வந்துடுச்சுங்க. ஐயோ, வெளுப்பா, எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா. வழுக்கையே காணோங்க" என்று போனில் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள். அடுப்படியில் கலக்கி வைத்த மாவு அது பாட்டுக்குக் கிடந்தது.

எல்லாம் முடிந்ததும் கேட்டாள். "ஏங்க, இது நெசமாவே செத்திருந்தா, நான்தான் கொன்னேன்னு நினைச்சிருப்பீங்களா?"

"நினைச்சிருப்பேன்" என்றான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. "அதான் எனக்கும் பயமா இருந்துச்சு."

"சரி விடு. நாளைக்கு வந்ததும் நானே நல்லதா ஒரு பூச்சி விடறேன்."

"ஒண்ணும் வேணாம். பல்லு கெட்டிப்படற வரைக்கும் இவளுக்கு யாரும் தீனி போடக்கூடாது. நீங்க கதவ மெதுவாத் தெறந்துக்கிட்டு வாங்க, அது போதும்."