இல்லாத காலின் நாடி

அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதக்கா என்றால்தான் தெரியும். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, மருத்துவக் குறிப்பாகத் தட்டச்சு செய்கிற வேலை. பதினோரு வருடமாகிவிட்டது. இருமிக்கொண்டே பேசுகிறவர், காரோட்டிக்கொண்டே பேசுகிறவர், கொட்டாவியோடு பாதி நோயை விழுங்கிவிடுகிறவர், எல்லாரும் அவளுக்கு அத்துப்படி. காலுக்கடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். குதிகால் வலி அந்தப் பெடல் கொடுத்த பரிசு.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. தெரியாததை எழுதாதே, காலியாக விட்டு, பக்கத்தில் கொடி அடையாளம் போட்டு, அதன் வழியே டாக்டரையே கேள். நல்ல விதிதான். ஆனால் மேலிடத்துப் புத்திசாலி எவனோ போன மாதம் இன்னொரு விதியைச் சுவரில் ஒட்டிவிட்டான்: ஒரே மாதத்தில் பத்துக் காலியிடம் விட்டால் வேலை கிடையாது. கேள் என்றும் சொல்வானாம், கேட்டால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவும் செய்வானாம். காதக்காவின் பேரில் ஒன்பது ஏறியிருந்தது. முதுகில் அடிபட்டு ஆறு மாதமாகப் படுத்திருக்கிற கணவனுக்கும் சேர்த்து, அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அன்று காலை பத்தரைக்கு வந்த பதிவு பிஸ்கட் டாக்டருடையது. எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே பேசுவதால் அவள் வைத்த பேர். ஐம்பத்தெட்டு வயது ஆள், சர்க்கரை நோய், இடது கால் முட்டிக்குக் கீழே எடுத்தாகிவிட்டது, இன்று மாலை வீட்டுக்குப் போகிறார். காதக்காவின் விரல்கள் தம்பாட்டுக்கு ஓடின. பிறகு டாக்டர் சொன்னார்: "பாதப் பரிசோதனைக்கு என் நார்மல போட்டுக்கோங்க."

நார்மல் என்பது டாக்டர்கள் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும் பத்தி. தினம் அதையே சொல்ல அலுப்பு. பேரைச் சொன்னால் போதும், ஒரு பொத்தானை அழுத்தினால் பத்தி முழுசாக வந்து உட்காரும். வந்து உட்கார்ந்தது. இரண்டு பாதங்களிலும் நாடி சீராகத் துடிக்கிறது. பத்து விரல்களும் வெதுவெதுப்பாக உள்ளன. விரல் இடுக்குகளில் புண் இல்லை.

காதக்கா பெடலிலிருந்து காலை எடுத்தாள். இல்லாத காலில் நாடி பார்த்த மனிதர், இருக்கிற காலையாவது பார்த்தாரா? பத்தியை அழித்தாள். அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடி போட்டாள்.

ஐந்தாவது நிமிடம் மேற்பார்வையாளர் வந்து நின்றார். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"அக்கா, இது பத்தாவது."

"எண்ணத் தெரியும் தம்பி."

"இன்னும் மேல போகல. ரெண்டு பாதம்ங்கறத வலது பாதம்னு மாத்துங்க, பத்து விரல அஞ்சாக்குங்க, கொடிய எடுத்துட்டு அனுப்பிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

எவ்வளவு சுளுவான யோசனை பாருங்கள். பத்தை ஐந்தாக்கினால் அந்தக் குறிப்பில் ஒரு குறை மிஞ்சாது. பார்க்காத கால் பார்த்த காலாகிவிடும். அடுத்த மாதம் அந்த ஆள் வீங்கிய காலோடு வந்தால், போன மாதம் நன்றாகத்தானே இருந்தது என்று காகிதம் சாட்சி சொல்லும்.

"அந்த அஞ்சு விரல யாரு பாத்தா? நான் பாத்தேனா, நீங்க பாத்தீங்களா?"

"நமக்கு எதுக்குக்கா வம்பு? வேலை போயிடும். பயமுறுத்தல, நெஜமாத்தான் சொல்றேன்."

"போகட்டும். போட மாட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சாப்பாட்டு வேளையில் கணவனிடம் போனில் சொன்னாள்.

"ஒரு வரிதானே, போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல" என்றான் அவன். பிறகு அவனே கேட்டான்: "அந்த ஆளு இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்காரா?"

"நாலு மணிக்கு அனுப்புறாங்க."

"அதுக்குள்ள உன் கொடிய யாராவது பாப்பாங்களா?"

பார்க்க மாட்டார்கள். நாளைக்குத்தான் பார்ப்பார்கள். அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டு நேராக மேற்பார்வையாளரின் மேசைக்குப் போனாள். அவர் கண்ணெதிரிலேயே அவருடைய போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். தட்டச்சு செய்கிறவர்கள் டாக்டருக்குப் போன் போடுவது அந்த அலுவலகத்தில் நடக்காத காரியம். நர்ஸ் கேட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். மெல்லும் சத்தம் முதலில் வந்தது.

"உங்க குறிப்ப டைப் பண்றவ பேசறேன் டாக்டர். ஒத்தக் கால் இருக்கிற ஆளுக்கு உங்க நார்மல் பத்து விரல் போடுது. வலது பாதத்த பாத்தீங்களா?"

மெல்லுவது நின்றது.

"எனக்கு யாரும் இப்படிப் போன் பண்ணதில்லயே."

"பண்ணியிருக்கணும்."

அவர் போனை வைத்துவிட்டார். மேற்பார்வையாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

மூன்றே காலுக்குப் புதிய பதிவு வந்தது. அதே குரல், பிஸ்கட் இல்லாமல். வலது பாதம், நான்காவது விரலுக்கும் ஐந்தாவது விரலுக்கும் நடுவே சீழ் வைத்த புண். நாடி மந்தம். நோயாளியை இன்று அனுப்பவில்லை, சிகிச்சை தொடங்கியாகிவிட்டது. நார்மல் என்ற பேச்சே இல்லை. வயிறு, நெஞ்சு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். காதக்காவுக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் ஒரு படிவத்தோடு வந்தார்.

"புண் இருந்தத மேல சொல்லிப் பாத்தேன்க்கா. பத்துன்னா பத்துதாங்கறாங்க. காரணம்கற எடத்துல கவனக்குறைவுன்னு எழுதிக் குடுங்க. இந்தத் தடவை மன்னிச்சு விட்டுடுவாங்க."

தேதி, பதிவு எண், காலியிடம் பத்து, எல்லாவற்றையும் அவள் அழகாக நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில் 'தவறுக்கான காரணம்' என்று இருந்தது. அதை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கொடி வரைந்தாள்.

"இங்க ஒண்ணும் எழுதலயேக்கா."

"தெரியாதத நான் எழுதறதில்ல தம்பி. என்ன தப்புன்னு மேல கேட்டு நிரப்பிக்கோங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெடலை மிதித்தாள்.