மாவு பட்ட பை

கிளாவரை மலையூரிலிருந்து காய்கறி லாரியில் வந்து இறங்கிய பையைச் செலினா சர்வீஸ் பார்க்கத்தான் திறந்தாள். மோந்து பார்க்கும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. ஆனால் கீழ்க்கடையில் ஹோம்மேட் சாக்லேட் காய்ச்சிக்கொண்டிருக்க, மாடியறையில் புளித்த வாடை அடித்தால் மூக்கு சும்மா இருக்குமா? உள்துணியின் தையலோரத்தில் ஒரு வெந்தயம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அது குழந்தைக்கான சூட்டுப்பை. குறைமாதத்தில் பிறக்கிற பிள்ளை மலைக்குளிரில் விறைத்துப் போகாமல் கொடைக்கானல் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க, செலினாவும் அவள் அண்ணன் ஸ்டீவனும் செய்தது. தங்கை மருத்துவக் கருவிப் படிப்பு, அண்ணன் எலக்ட்ரானிக்ஸ். இரண்டு பேர், ஒரு தையல் மெஷின், வாசலில் ஒரு போர்டு. கம்பெனி என்பது அவ்வளவுதான். சின்னக் கம்பெனிகள் மருத்துவக் கருவி கண்டுபிடிக்க ஆராய்ச்சி மானியம் தருகிற மத்திய அரசுத் துறை ஒன்று, முதல் கட்டப் பணம் கொடுத்திருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று ஒவ்வொரு கையெழுத்துக்கும் காத்திருந்து வாங்கிய பணம். அடுத்த வாரம் ஆய்வுக்குழு வருகிறது. அவர்கள் திருப்திப்பட்டால் இரண்டாம் கட்டம்: மலை ஊர்களுக்கெல்லாம் நூறு பை. இல்லையென்றால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான்.

சோதனைக்காக மூன்று ஊர்களில் மூன்று பை கொடுத்திருந்தார்கள். அடுக்கத்துப் பையும் பேத்துப்பாறைப் பையும் பீரோவுக்குள் சொகுசாகத் தூங்கிவிட்டு சர்வீஸுக்கு வந்திருந்தன. கிளாவரைப் பை மட்டும் அநேகமாக எல்லா இரவும் ஓடியதாக அதிலிருந்த பதிவுக்கருவி காட்டியது. ஸ்டீவன் அதைப் பெற்ற பிள்ளையின் மார்க்கு மாதிரி போவோர் வருவோரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். அதற்கும் மேலே, கிளாவரை முருகேஸ்வரியின் குழந்தை. அடைமழையில் ஏழாம் மாதமே பிறந்து, ரோட்டில் மரம் விழுந்து, ஜீப் வந்து சேரவே நேரமாகி, அத்தனைக்கும் பிறகு பைக்குள் கதகதப்பாக ஆஸ்பத்திரி வந்து பிழைத்துக்கொண்ட குழந்தை. குழுவுக்குக் காட்டப்போகும் முதல் படமே அதுதான்.

ஒரு குழந்தைக்கு ஏன் இத்தனை இரவு என்று அண்ணனும் தங்கையும் யோசிக்கவே இல்லை. நல்ல சேதியைக் குறுக்கு விசாரணை செய்கிறவர் யார்?

செலினா வெந்தயத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, கிளாவரை நர்ஸ் சிவபாக்கியத்துக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பைக்குள்ள என்ன வச்சீங்க?"



"மாவுங்க," என்றாள் சிவபாக்கியம். "இந்தக் குளிருக்கு ரெண்டு நாளானாலும் தோசை மாவு பொங்க மாட்டேங்குது. பை சும்மாதான கெடக்குன்னு, ஆளுக்கு ஒரு ராத்திரின்னு முறை வச்சுக்கிட்டோம். தூக்குவாளியில மூடி போட்டுத்தாங்க வப்போம். ஒரு தரந்தான் பொங்கி வழிஞ்சிருச்சு. கோவிச்சுக்கிராதீங்க."

செலினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடுதான் அடுத்ததையும் கேட்டாள்.

"முருகேஸ்வரி பிள்ளை பொறந்த அன்னைக்கும் மாவு இருந்துச்சா?"

"அன்னைக்கு லாவண்யா முறைங்க. வெள்ளனே அவ வீட்டுக்கு ஓடிப்போயி, வாளியத் தூக்கி வெளிய வச்சுட்டு, வெரசா வேற துணி விரிச்சுப் பிள்ளையப் படுக்க வச்சேன். உள்ள இளஞ்சூடா இருந்துச்சு. நல்ல வேளைங்க!"

செலினாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் விடியலில், இரவெல்லாம் மொட்டைமாடியில் குளிர்ந்து கிடந்த ஒரு பையை முடுக்கிவிட்டு, ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் சூடேறும் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியது பொய்யில்லை, அளந்தது கோயம்புத்தூர் லேபில், சித்திரை மாதத்தில். இங்கே பேட்டரி சுணங்கியது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்கடுத்த நாளும் அதே கதைதான். குளிர்ந்த பையில் அந்தக் குறைமாதப் பிள்ளையை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மலைக்குளிருக்காகச் செய்த கருவியை மலைக்குளிரில் வைத்து ஒருநாளும் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்டீவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"அவங்க கேக்காத கேள்விக்கு நாம எதுக்கு ஆன்சர் சொல்லணும்? பணம் வரட்டும். ஹீட்டரைச் சரி பண்ணிக்கலாம்."

"பணம் வந்தா நூறு பையும் உடனே போகணும்ணே. இதே டிசைன்தான், மாத்தக்கூடாதுன்னு ரூல். எல்லாமே பீரோவுலதான் கெடக்கும். நூறு ஊருலயும் நாம போயி மாவு வைப்பமா?"

"புள்ளை பொழச்சது நிஜந்தான?"

"நிஜந்தான். பொழைக்க வச்சது நம்ம பை மட்டும் இல்லையே."

ஸ்டீவன் சாத்திய கதவைத் திறந்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், புளித்த மாவை மறைக்க முடியாது என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். பைகளைத் துவைத்துக் காயவைத்து, பழையபடி அந்தந்த ஊருக்கே அனுப்பினார்கள்.

மற்ற ஊர்க் கம்பெனிகளை வீடியோவிலேயே பார்த்து முடித்துவிடுகிற ஆய்வுக்குழு, கொடைக்கானல் என்றதும் குடும்பத்தோடு நேரில் வந்தது. குடும்பங்கள் படகு விடப் போயின. குழுவின் தலைவர் சுவாமிநாதன் குழந்தை மருத்துவர். முருகேஸ்வரி குழந்தையின் படத்தைப் பார்த்து, "இதுக்குத்தாம்மா கவர்மெண்ட் பணம் கொடுக்குது," என்று மனசார மகிழ்ந்தார். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை சுபம். செலினா மாவைப் பற்றிச் சொன்னாள், முக்கால் மணி நேரத்தையும் சொன்னாள். முதலில் குழுவினர் மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு சுவாமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும் சார்."

மனுஷர் நல்லவர்தான். ஆனால் கடிதம் எழுதுவது மனுஷர் அல்லவே. நோக்கம் நிறைவேறவில்லை, இரண்டாம் கட்டம் இல்லை, திருத்திக்கொண்டு அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று வந்தது. கூடவே, மானியத்தில் செய்த மூன்று கருவிகளும் அரசுச் சொத்து, உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒரு படிவம். ஸ்டீவன் கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு போனான். தங்கைமேல் கோபமில்லை என்றான். மூன்று வாரமாகப் போனில்லை.

அடுக்கத்துப் பையும் பேத்துப்பாறைப் பையும் பீரோ மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தன. கிளாவரைப் பையை வாங்கிவர செலினா தானே பஸ் ஏறினாள்.

சுகாதார நிலையத்தில் பை இல்லை. சிவபாக்கியம் அவளை மேட்டுத்தெரு வீடு ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். அடுப்படியில் ப்ளக்கில் செருகியபடி இருந்த பைக்குள்ளிருந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள்.

"இவதாங்க லாவண்யா," என்றாள் சிவபாக்கியம். "எட்டு மாசம். போன தடவையும் இவளுக்குக் கொறைமாசந்தான். அப்ப பை வரலைங்க." அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. லாவண்யா வாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"எடுத்துட்டுப் போகவா வந்தீங்க?" என்றாள் லாவண்யா.

செலினா பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். கதகதவென்று இருந்தது. நாட்டிலேயே சொன்னபடி வேலை செய்கிற ஒரே பை இதுதான். உண்மையைச் சொல்லி நூறு ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றியாயிற்று என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அந்த உண்மைக்கு விலை இந்த அடுப்படியிலிருந்து போகும் என்பது அவள் கணக்கில் இல்லை.

படிவத்தை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டாள். கருவியின் நிலை என்ற இடத்தில், 'மாவு பட்டுப் பழுதாகிவிட்டது. திருப்பி அனுப்பும் நிலையில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குழுவிடம் ஒளிக்க முடியாமல் போன அதே மாவு.

"இனிமே மாவு வைக்கலைங்க," என்றாள் அதை எட்டிப் படித்த சிவபாக்கியம் பயந்துபோய். "சத்தியமா."

"அக்கா, வைங்க," என்றாள் செலினா. "ஒரு ராத்திரி கூட விட்டுறாதீங்க."